47 நிமிடங்கள்: கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றின் மழைநீர்த் தேக்கக் குளம் – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் எந்த அடுக்குமாடியின் பெயரும் இல்லை. செத்தாப்பாக், கெப்போங், செகாம்புட் போன்ற பகுதிகளின் மேட்டுச் சரிவுகளில் எழுந்த அடுக்குமாடிகளின் தேக்கக் குளங்களில் சில குறைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. அவற்றை ஒரே மாதிரிக் குளத்தில் வைத்துப் பார்க்கிறோம். கணக்கு எளிதில் பிடிபட அளவுகளை முழு எண்களாக எடுத்திருக்கிறோம். உங்கள் குளத்தின் எண்களை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலிருந்து எடுத்துப் போட்டால் இதே கணக்கு அங்கேயும் செல்லும்.

குளம்

மூன்று ஹெக்டர் நிலம், மூன்று கட்டடங்கள், கார் நிறுத்துமிடம், கொஞ்சம் புல்வெளி. அத்தனை மழைநீரும் லோங்காங் (வடிகால்) வழியாக நிலத்தின் தாழ்ந்த மூலையிலுள்ள குளத்துக்கு வருகிறது. குளத்தின் பரப்பு 800 சதுர மீட்டர். உள்பக்கம் கம்பிவலைக் கல்சுவர் செங்குத்தாக நிற்பதால் மேலும் கீழும் ஒரே பரப்பு. தரையிலிருந்து கலிங்கு (குளம் நிரம்பினால் மிகை நீர் வழியும் வாய்) வரை 1.5 மீட்டர், அதாவது கொள்ளளவு 1,200 கன மீட்டர். மூன்று பக்கம் வெட்டிய மேடு. சாலையைப் பார்த்த நான்காவது பக்கம் மட்டும் மண்கரை.

வெளியேறும் இடத்தில் ஒரு கான்கிரீட் பெட்டி. அதன் முன்சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய எஃகுத் தகடு, தகட்டின் அடியில் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளை. தகட்டுக்குப் பின்னால் 600 மில்லிமீட்டர் குழாய் சாலையோரப் பெரிய லோங்காங்குக்குப் போகிறது. அங்கிருந்து ஆறு, கடைசியில் கிள்ளான் ஆறு.

குழாய் 600 இருக்கத் துளை ஏன் 300? குளம் கட்டியதே அதற்காகத்தான். நிலம் காடாகவோ தோட்டமாகவோ இருந்தபோது மழைநீர் மெதுவாக இறங்கியது. தாரும் சிமெண்டும் வந்த பிறகு அதே மழை ஒரேயடியாகப் பாய்கிறது. கூடுதலாக வரும் நீரைப் பிடித்து வைத்து, கீழே உள்ள வடிகால் தாங்கும் வேகத்தில் விடுவதே குளத்தின் வேலை. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் (ஜே.பி.எஸ்.) ‘மஸ்மா’ என்னும் மழைநீர் மேலாண்மைக் கையேடு 2001இல் நடைமுறைக்கு வந்தது, 2012இல் இரண்டாம் பதிப்பு கண்டது. புதிய மேம்பாடுகளிடம் அது கேட்பதும் இதைத்தான்.

கணக்கு இது: விநாடிக்கு வெளியேறும் நீர் = 0.6 × துளையின் பரப்பு × √(2 × 9.81 × துளை மையத்துக்கு மேலுள்ள நீர் உயரம்). இதில் 0.6 துளையின் வெளியேற்றக் குணகம், 9.81 புவியீர்ப்பு முடுக்கம். குளம் நிரம்பி நிற்கும்போது துளை மையத்துக்கு மேல் 1.35 மீட்டர் நீர் இருக்கும். துளைப் பரப்பு 0.0707 சதுர மீட்டர். விடை விநாடிக்கு சுமார் 220 லிட்டர். அனுமதிக்கப்பட்ட வெளியேற்றம் அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் ஜே.பி.எஸ். அதை மிகக் கனத்த மழை என்று வகைப்படுத்துகிறது. கோலாலம்பூரின் மாலை இடிமழைக்கு அது எட்டாத அளவல்ல. மூன்று ஹெக்டரில் 60 மி.மீ. பெய்து அதில் 80 விழுக்காடு ஓடிவந்தால் 1,440 கன மீட்டர். அந்த ஒரு மணி நேரத்தில் துளை வழியே ஏறக்குறைய 450 போய்விடும். மீதி 990 குளத்தில் நிற்கும், மட்டம் 1.24 மீட்டர் ஏறும். கலிங்கு வழியாமல் குளம் தாங்கிவிடும்.

முதல் கட்டம்: அடைப்பு

குப்பைத் தடுப்புக் கம்பிச் சட்டத்தைத் துளையின் மீதே தட்டையாக ஒட்டி வைத்திருந்தார்கள். செலவு குறைந்த அமைப்புத்தான். ஆனால் துளையை மூட ஒரே ஒரு பிளாஸ்டிக் பை போதும். தே ஐஸ் பை, நுரைப் பெட்டி, அங்சானா இலை, கட்டுமானப் பலகைத் துண்டு எல்லாம் அங்கே வந்து சேரும் என்பது யாவரும் அறிந்தது. பலர் கவனிக்காத ஒன்று வெட்டிய புல். குத்தகையாளர் குளத்தின் தரையில் புல் வெட்டி, வாரிக் கொண்டுபோகாமல் அப்படியே விட்டுப் போகிறார். பார்க்கத் துப்புரவாகத்தான் இருக்கும். அடுத்த மழையில் அந்தப் புல் முழுவதும் மிதந்து வந்து கம்பியில் பாயாகப் படிகிறது, அதன் மேல் களிமண் பூசினாற்போல் ஏறுகிறது. பராமரிப்பு வேலையே அடைப்புக்குக் காரணமாகிறது. புல் வெட்டும் ஒப்பந்தத்தில் ‘வெட்டிய அன்றே வாரி அகற்ற வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

துளையின் கீழ்ப்பகுதி சேற்றால் மூடியதும் 30 செ.மீ. நீர் வடியாமல் நின்றது. தரையில் சராசரி 15 செ.மீ. தூர். மேட்டில் எங்கோ நிலம் திருத்தினால் மழைநீர் தே தாரிக் நிறத்தில் வரும், அந்த மண் முழுவதும் இங்கேதான் படியும். தூர் 120 கன மீட்டர், தேங்கிய நீர் 240. ஆக 1,200இல் எஞ்சியது 840. அதே 60 மி.மீ. மழை வந்தால், பாதி அடைந்த துளை வழியே 250 போக, நிற்க வேண்டியது 1,190. சுமார் 350 கன மீட்டர் கலிங்கு வழியாக வெளியே பாயும்.

அதற்குள் கொசுத் தொல்லை. ஏடிஸ் முட்டை கொசுவாக மாற நம் வெப்பத்தில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975இன் கீழ் அபராதம் வரும் என்ற அச்சம் நிர்வாகக் குழுவுக்கு. இவையெல்லாம் நியாயமான கவலைகள். அதற்குக் கண்ட தீர்வுதான் பிழையாகிப் போனது.

இரண்டாம் கட்டம்: ‘சரிசெய்தல்’

கம்பிச் சட்டத்தை வெட்டியெடுத்தார்கள். தகட்டின் போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டையும் எடுத்துவிட்டார்கள். வாய்ச்சொல்லில் நடந்த வேலை, பதிவேட்டில் ஒரு வரி இல்லை. அன்று முதல் குளம் ஒருநாளும் தேங்கவில்லை. கொசு குறைந்தது. எத்தனை பெரிய மழைக்கும் குளம் பாதிகூட நிரம்புவதில்லை என்று குடியிருப்பாளர்களுக்கு மகிழ்ச்சி. இவ்வளவு பெரிய குளம் வீண், பாதியைக் கார் நிறுத்தமாக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சும் எழுந்தது.

கீழே கடைவீட்டு வரிசையில் மழைக்கு மழை தண்ணீர் ஏறத் தொடங்கியது அதே காலத்தில்தான். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கணக்கு வெளிப்படையாகக் காட்டுகிறது. 600 மி.மீ. குழாயின் பரப்பு 300 மி.மீ. துளையைப் போல் நான்கு மடங்கு. குளத்தில் நீர் 80 செ.மீ. மட்டுமே நிற்கும்போதே விநாடிக்கு 530 லிட்டர் வெளியேறும், முழுக் குளத்துக்கு அனுமதித்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கட்டடம் கட்டியதால் கூடிய வெள்ளம் அப்படியே கீழே இறங்குகிறது. அடைந்த குளத்தை எல்லோரும் காண்கிறார்கள், மூக்கைப் பிடிக்கிறார்கள், புகார் செய்கிறார்கள். துளை பெரிதாகிப்போன குளத்தைப் பற்றிப் புகார் செய்ய மேலே ஒருவரும் இல்லை. எங்கள் கணிப்பில் இரண்டில் ஆபத்தானது இதுதான்.

ஆய்வில் கண்டது

வறண்ட நாளில், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே, அதாவது வெளியேறும் இடத்திலிருந்து உள்வரும் இடம் நோக்கிப் பார்ப்பது நல்லது. முதல் வேலை நாடாவால் துளையை அளப்பது. வரைபடத்தில் 300, நாடாவில் 600. பெட்டியின் முன்சுவரில் நான்கு போல்ட் குழிகள், ஒவ்வொன்றின் கீழும் துருக் கோடு. தகடு இருந்து போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கலிங்குக்கு வந்தால், பிள்ளைகள் இறங்காமலிருக்க யாரோ துத்தநாகத் தகட்டால் வேலி அடைத்திருந்தார்கள். கலிங்கின் உதட்டிலிருந்து முழங்கால் உயரம். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் குளம் நிரம்பினால் நீர் கலிங்கில் வழியாமல் மண்கரையின் மேல் ஏறும். மண்கரை மேல் நீர் வழிந்தால் அரிப்பு தொடங்கிக் கரை உடைய அதிக நேரம் எடுக்காது. வேலி வேண்டுமென்றால் நீர் தாராளமாகப் புகும் செங்குத்துக் கம்பிகள் போட வேண்டும், அதுவும் கலிங்கின் உதட்டை விட்டுத் தள்ளி.

கரை உச்சி வரைபடப்படி கலிங்கைவிட 30 செ.மீ. உயரம். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயால் மட்டம் பார்த்ததில், மோட்டார்சைக்கிள் குறுக்குவழியாகத் தேய்ந்த ஓரிடம் 18 செ.மீ. தாழ்ந்திருந்தது. அங்கே பாதுகாப்பு 12 செ.மீ. மட்டுமே. கரை அதன் மிகத் தாழ்ந்த புள்ளி அளவுக்குத்தான் உயரம்.

கரையின் வெளிச்சரிவில் வாழை, பப்பாளி, இரண்டு மூன்று எண்ணெய்ப்பனைக் கன்றுகள், உடும்பு வளை ஒன்று. கரையடியில், குழாய் வெளிவரும் இடத்தருகே, மழையில்லா நாளிலும் ஈரம். கசிவு எவ்வளவு என்பதைவிட அதன் நிறம் முக்கியம். தெளிந்த கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். தெளிவாக இருந்தால் கண்காணிக்கலாம். அடியில் மண் படிந்தால் குழாயை ஒட்டிக் கரையின் உள்மண் அரித்து வெளியேறுகிறது என்று பொருள், அன்றே பதிவுபெற்ற பொறியாளரை அழைக்க வேண்டும். இந்தக் குளத்தில் கசிவு தெளிவாகவே இருந்தது.

தூர் அளக்க 5 மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கம்பியைக் குத்திப் பார்த்தால் 30 புள்ளி சொச்சம் வரும். சராசரி 15 செ.மீ. என்றாலும் உள்வரும் வாயில் 45, வெளியேறும் இடத்தில் 5. ஒரே இடத்தில் குத்திவிட்டு எழுதிய அறிக்கையை நம்பக்கூடாது.

எதை முதலில் செய்வது

தகடு காணோம் என்று கண்டவுடன் புதுத் தகட்டை மாட்டிவிடத் தோன்றும். இந்த நிலையில் அது தவறு. தகடு மாட்டினால் அடுத்த பெருமழையில் குளம் கலிங்கு மட்டம் வரை நிரம்பும். கலிங்கு அடைபட்டிருக்கிறது, கரை 18 செ.மீ. தாழ்ந்திருக்கிறது, வேர் பாய்ந்திருக்கிறது. நீண்டகாலம் முழு நீரைக் காணாத கரை அந்த அழுத்தத்தை அன்றுதான் முதன்முதலாகத் தாங்க வேண்டும். எனவே தகடு கடைசி. ஆனால் கீழே கடைக்காரர்கள் அதுவரை நனைவார்கள், ஆகவே மற்ற வேலைகளை இழுக்கவும் கூடாது. மழை ஒப்பீட்டில் குறையும் ஜூன், ஜூலையில் அனைத்தையும் ஒரே தொடராக முடித்துவிடுவதே வழி. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் பருவ இடைக்கால இடிமழையில் குளத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு உட்காரக்கூடாது.

கலிங்கு வேலியை அகற்றுவதற்குச் செலவில்லை, அன்றே செய்யலாம்.

கரையில் வாழைகளை மேலே மட்டும் வெட்டினால் போதாது. வெட்டிய வேர் உள்ளே மக்கி நீருக்கு வழிவிடும். கிழங்கோடு தோண்டி, குழியைக் களிப்பான மண்ணால் 15 செ.மீ. அடுக்குகளாக நிரப்பி ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். உடும்பு வளைக்கும் அதே முறைதான், முழு ஆழம் தோண்டிய பிறகு. கட்டாந்தரையாக விடாமல் புல்தகடு பதித்து மூட வேண்டும். மோட்டார்சைக்கிள் வழியில் இரண்டு கான்கிரீட் தூண்கள் நட்டால் போதும்.

கசியும் இடத்தில் வெளியிலிருந்து சிமெண்டு பூசி அடைப்பது வழக்கமான கைவைத்தியம், செய்யவே கூடாத ஒன்று. நீர் உள்ளே அழுத்தம் கூடி வேறிடத்தில் வெளிவரும். மண்ணைப் பிடித்து நீரை மட்டும் விடும் மணல், சரளை அடுக்கு அங்கே போட வேண்டும், வடிவமைப்பைப் பொறியாளர் தர வேண்டும்.

தூர்வார எக்ஸ்கவேட்டரைக் குளத்துக்குள் இறக்காமல் ஓரத்தில் நிறுத்தி நீண்ட கையால் வாரினால் நல்லது. உள்ளே இறங்கினால் சங்கிலித் தடம் ஒவ்வொன்றும் ஒரு கொசுக்குட்டை. ஈரச்சேற்றைக் குளத்துக்குள்ளேயே மேட்டுப்பக்கம் குவித்து இரண்டு மூன்று நாள் வடியவிட்ட பிறகே லோரியில் ஏற்ற வேண்டும், இல்லையேல் சாலை முழுவதும் சேறு. எட்டு கன மீட்டர் ஏற்றும் லோரியென்றால் 120 கன மீட்டருக்கு 15 நடை, வடிந்து வற்றினால் இன்னும் குறையும். கார் நிறுத்துமிட நீர் வரும் குளமாதலால் தூரில் எண்ணெய் கலந்திருக்கலாம். சோதித்து, ஊராட்சி மன்றம் ஏற்ற இடத்தில்தான் கொட்ட வேண்டும்.

தோண்டும் ஆசையில் துளையின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விடுவது இன்னொரு வழக்கம். அப்படித் தோண்டிய ஆழம் கொள்ளளவில் சேராது, நிரந்தரக் குட்டையாகவே நிற்கும். தரை நூற்றுக்கு ஒன்று என்ற சரிவிலாவது நடுவிலுள்ள சிறு வாய்க்காலை நோக்கி இறங்க வேண்டும். வாய்க்காலின் இணைப்புகள் விரிந்திருந்தால் அதையும் இப்போதே பூச வேண்டும். உடைந்த இணைப்பில் தேங்கும் ஒரு குவளைத் தண்ணீர் ஏடிசுக்குப் போதும்.

இனித் தகடு. துருப்பிடிக்காத எஃகு, அதே உலோகத்தில் போல்ட், சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர். இடுக்கில் கசிந்தால் துளை அளந்ததற்குப் பொருளில்லை. துளையின் அடி, வாய்க்கால் அடியோடு ஒரே மட்டம். தகட்டிலேயே ‘300 மி.மீ. – கழற்றக்கூடாது’ என்று பொறித்துவிட வேண்டும், தமிழில் மட்டுமன்றி மலாயிலும். சாதாரண ஸ்பேனருக்கு இடங்கொடுக்காத நட்டு போட்டால் இன்னும் நல்லது.

கம்பிச் சட்டத்தைத் துளையிலிருந்து அரை மீட்டராவது முன்தள்ளி, 45 பாகை சாய்வாகக் கூண்டு வடிவில் வைக்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவிலுள்ள திறந்த பரப்பு துளையைப் போல் 20 மடங்கு இருந்தால் நிம்மதி. இங்கே அது 1.4 சதுர மீட்டர். பாதி அடைந்தாலும் துளைக்குத் தட்டுப்பாடு வராது. சாய்வாக இருப்பதால் நீர் ஏற ஏறக் குப்பையும் மேலே ஏறும், அடிப்பகுதி திறந்திருக்கும். வாரிக்கோலை இழுக்க எட்டும் தூரத்தில் நிற்க இடம் வேண்டும்.

பாதுகாப்பு

நீர் ஓடும்போது கம்பிச் சட்டத்தருகே இறங்கக்கூடாது. உறிஞ்சும் விசை ஒரு காலைப் பிடித்துக்கொண்டால் ஆளால் மீள முடியாது. எலிச்சிறுநீர் நோயும் பாம்பும் உண்டு, முழங்கால் பூட்சும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். வெளியேறும் பெட்டி மூடியுள்ளதாக இருந்தால் அது வரையறுக்கப்பட்ட இடம். வேலையிடப் பாதுகாப்புத் துறையின் 2010 நடைமுறைக் குறியீட்டின்படி பயிற்சி பெற்றவர், வெளியே காவல் நிற்பவர், வாயு அளப்பவர் மூவரும் வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள், எரிவாயு கீழ் வெடிப்பெல்லையின் (தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த அடர்த்தியின்) 10 விழுக்காட்டுக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.முக்குக் கீழ். தூர் கலைந்தால் வாயு கிளம்பும், ஆகவே இறங்குமுன் ஒருமுறை அளந்தது போதாது.

நிமிடக் கணக்கு

வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்கக் கடிகாரமும் கோலும் போதும். பெட்டியின் சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு கோடாக அளவு எழுதி, காவலறையிலிருந்து தெரியும்படி விளக்கு வைக்க வேண்டும். மழை விட்டு உள்வரத்து நின்ற பிறகு, நீர்மட்டம் 1.0 மீட்டரிலிருந்து 0.5 மீட்டருக்கு இறங்க எடுக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். இந்தக் குளத்துக்கு மேற்சொன்ன சூத்திரத்தின்படி அது 47 நிமிடம். தகடு இல்லாதபோது கால் மணி நேரம்கூட ஆகாது. துளை பாதி அடைந்திருந்தால் 94 நிமிடம். காவலாளி இரண்டு கோட்டிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

எண் கூடினால் எப்போதும் அடைப்பு என்று எண்ண வேண்டாம். சாலையோர லோங்காங் நிரம்பி நின்றால் குழாயின் மறுமுனை நீருக்குள் மூழ்கும், குளம் மெதுவாகத்தான் வடியும். ஆகவே வெளிப்பக்கத்தையும் ஒரு படம். தூறல் தொடர்ந்தாலும் நேரம் நீளும், அந்த அளவீட்டை ஒதுக்கிவிடலாம்.

மற்ற அட்டவணை சுருக்கமானது. ஒவ்வொரு கனத்த மழைக்குப் பிறகும் கம்பிச் சட்டம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தேங்கிய நீரும் கொசுப் புழுவும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் கரை, கலிங்கு, கசிவு. ஆண்டுக்கொரு முறை தூரின் ஆழமும் கரை மட்டமும், துளையின் விட்டமும் நாடாவால். தூர் கொள்ளளவில் பத்திலொன்றைத் தொட்டால் வாரும் நேரம், இங்கே அது அந்த 120 கன மீட்டர்.

அடுக்குமாடிக்குள் பொதுச் சொத்தாக உள்ள குளத்தின் பொறுப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2013இன் கீழ் நிர்வாக அமைப்பினுடையது. மன்றத்திடமோ ஜே.பி.எஸ்.ஸிடமோ ஒப்படைத்த குளமென்றால் அந்தக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். மேம்பாட்டாளரிடமிருந்து கட்டி முடித்த நிலை வரைபடத்தை வாங்காமல் விட்ட குழுக்கள் ஏராளம். துளை 300ஆ 600ஆ என்று சொல்ல வேறு ஆவணம் கிடையாது.

பதிவேட்டில் நேரத்துக்கு இரண்டு எல்லைகளை எழுதி வைக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மழைக்கு 60 நிமிடத்தைத் தாண்டினால் கம்பிச் சட்டத்தையும் துளையையும் துப்புரவு செய்ய ஆளனுப்ப வேண்டும். ஒரே ஒரு முறை 40க்குக் கீழே போனாலும், மறுநாளே நாடாவோடு போய்த் தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.